உள்ளாட்சி வரிச் சீர்திருத்தமும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உள்ளாட்சி வரியை மாற்றியமைக்கப் போகிறோம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று அறிவிப்பு வந்ததும் என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பல நாடுகளில் நடந்தவற்றை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். சட்டங்கள் இடத்துக்கு இடம் மாறினாலும் சிக்கல்கள் பெரிதாக மாறுவதில்லை.

உள்ளாட்சி வரி என்றால் வீட்டு வரி மட்டும்தானா?

பல நாடுகளில் பெரிய பங்கு அதுதான். வீடும் நிலமும் பக்கத்து ஊருக்கு ஓடிவிட முடியாது, மறைத்து வைக்கவும் முடியாது. அதனால் சிறிய நிர்வாகத்தால்கூட வசூலிக்க முடிகிற வரி இது. ஆனால் இது ஒன்றுதான் வழி என்று சொல்ல முடியாது. ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் நாடுகளில் உள்ளாட்சிகள் முக்கியமாக வருமான வரியை நம்பியிருக்கின்றன. எஸ்தோனியாவில் கட்டடத்தை விட்டுவிட்டு நிலத்துக்கு மட்டும் வரி போடுகிறார்கள்.

குடிநீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம் போன்றவை வேறு. அவை ஒரு சேவைக்கான விலை. வரி என்பது பொதுச் செலவுக்கான பங்கு. கருத்துக் கேட்பு ஆவணத்தில் இரண்டையும் கலந்து ஒரே தொகையாகக் காட்டியிருந்தால், பிரித்துக் காட்டுங்கள் என்று முதலில் கேளுங்கள். கலந்திருக்கும்வரை எது கூடுகிறது, எது குறைகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நிறைய பேர் வேண்டாம் என்று எழுதினால் நிறுத்திவிடுவார்களா? இது ஓட்டெடுப்பு மாதிரிதானே?

இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் மன்றத்திடமோ அரசிடமோதான் இருக்கும். வந்த கருத்துகளை நேர்மையாகப் பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் மீதுள்ள கடமை. எண்ணிக்கைப்படி நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால்தான் "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லைவிட "ஏன் வேண்டாம்" என்ற ஒரு பத்திக்கு எடை அதிகம்.

அதற்காகக் கருத்துக் கேட்பால் எதுவுமே மாறாது என்று நினைக்க வேண்டாம். வேல்ஸ் அரசு 2023 நவம்பரில் மூன்று அணுகுமுறைகளை முன்வைத்துக் கருத்துக் கேட்டது. சீர்திருத்தம் வேண்டும், ஆனால் நிதானமாக வேண்டும் என்பதே வந்த பதில்களில் தெரிகிறது என்று சொல்லி, 2024 மே மாதத்தில் அதை 2028-க்குத் தள்ளி வைத்தது. ஸ்காட்லாந்தில் நடந்தது வேறு கதை. அங்கே 2023 ஜூலையில், மதிப்பை வைத்துப் பிரித்த வீட்டுப் பிரிவுகளில் மேலே உள்ள நான்குக்கு வரியை 7.5 முதல் 22.5 சதவீதம் வரை உயர்த்தலாமா என்று கேட்டார்கள். செப்டம்பரில் கேட்பு முடிந்தது. அக்டோபரில், அடுத்த ஆண்டுக்கு வரி உயர்வே கிடையாது என்று முதலமைச்சர் அறிவித்தார். கேட்ட கேள்வி ஒன்று, வந்த முடிவு வேறொன்று. இரண்டு விதமாகவும் நடக்கும் என்று தெரிந்துகொண்டு பங்கெடுங்கள்.

எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிட்டுத்தானே நம்மிடம் கேட்கிறார்கள்? இது வெறும் கண்துடைப்பு.

சில நேரம் உண்மைதான். ஆனால் எது கண்துடைப்பு, எது நிஜம் என்று பிரித்துப் பார்க்க வழி உண்டு. பிரிட்டன் நீதிமன்றங்கள் 1985 முதல் நான்கு அளவுகோல்களைப் பயன்படுத்துகின்றன: திட்டம் இன்னும் உருவாகும் கட்டத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும், யோசித்துப் பதில் சொல்லப் போதுமான விவரமும் காரணமும் தர வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், முடிவெடுக்கும்போது வந்த பதில்களை மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் இவை இல்லாமல் போகலாம். ஆனால் கையில் இருக்கும் ஆவணத்தை இந்த நான்கையும் வைத்து யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம்.

லண்டனில் உள்ள ஹாரிங்கே மன்றத்தின் வழக்கை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பேன். வருமானம் குறைந்தவர்களுக்கு இருந்த வரிச் சலுகைத் திட்டத்தை மத்திய அரசு 2013-இல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது; அதற்கான நிதியையும் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைத்தது. ஹாரிங்கே மன்றம் 2012-இல் மக்களிடம் கருத்துக் கேட்டபோது, சலுகையைக் குறைப்பது ஒன்றே வழி என்பது போல எழுதியது. வரியைக் கொஞ்சம் உயர்த்தலாம், வேறு செலவைக் குறைக்கலாம், சேமிப்பு நிதியை எடுக்கலாம் என்ற மாற்று வழிகளும், அவற்றை ஏன் ஒதுக்கினார்கள் என்பதும் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. 2014 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்துக் கேட்பு சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டதால் மறுபடி கேட்கும்படி உத்தரவிடவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: "வேறு என்னென்ன வழிகளை யோசித்தீர்கள், அவற்றை ஏன் கைவிட்டீர்கள்?" என்ற கேள்வியைக் கெடு முடிவதற்குள் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பிறகு வழக்கில் ஜெயித்தாலும் போன வாய்ப்பு திரும்பி வராமல் போகலாம்.

வரி விகிதம், மதிப்பீடு என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இங்கேதான் அதிகக் குழப்பம். முதலில் எதன் மீது வரி என்று தீர்மானிக்கிறார்கள்: சந்தை மதிப்பா, ஆண்டு வாடகை மதிப்பா, சதுர அடியா, வெறும் நிலமா. அப்புறம் உங்கள் சொத்துக்கு அந்தக் கணக்கில் எவ்வளவு என்று போடுகிறார்கள், இது மதிப்பீடு. அதில் எத்தனை சதவீதம் வரி என்பது விகிதம். கடைசியாகச் சலுகைகளும் விலக்குகளும் கழிக்கப்படுகின்றன. இந்த நான்கில் எது மாறினாலும் உங்கள் ரசீதில் தொகை மாறும்.

கூட்டங்களில் சண்டை முழுக்க விகிதத்தைப் பற்றியே நடக்கும். யார் கட்டுகிறார்கள், யார் தப்புகிறார்கள் என்பதோ பெரும்பாலும் மற்ற மூன்றில்தான் முடிவாகிறது. கருத்துக் கேட்பு ஆவணத்தைப் படிக்கும்போது சலுகைகள் உள்ள பின்னிணைப்பை முதலில் படியுங்கள்.

என் வீட்டின் மதிப்பை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். வரியும் இரண்டு மடங்காகுமா?

அவசியமில்லை. மூன்றே வீடுகள் உள்ள ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். மதிப்புகள் 100, 100, 200. மொத்தம் 400. ஊருக்கு 40 தேவை, அதனால் விகிதம் 10 சதவீதம். மூவரும் முறையே 10, 10, 20 கட்டுகிறார்கள். மறுமதிப்பீட்டுக்குப் பிறகு மதிப்புகள் 200, 300, 300 ஆகின்றன. மொத்தம் 800. ஊருக்குத் தேவை அதே 40 என்றால் விகிதம் 5 சதவீதமாக இறங்க வேண்டும். இப்போது அவர்கள் கட்டுவது 10, 15, 15.

முதல் வீட்டின் மதிப்பு இரட்டிப்பானது, வரியில் மாற்றமே இல்லை. இரண்டாம் வீடு ஊரின் சராசரியைவிட வேகமாக ஏறியதால் கூடுதலாகக் கட்டுகிறது. மூன்றாவதன் மதிப்பும் ஏறத்தான் செய்தது, ஆனால் சராசரியைவிட மெதுவாக. அதனால் வரி குறைந்தது. ஆக, உங்கள் மதிப்பு எவ்வளவு ஏறியது என்பதைவிட ஊர் சராசரியோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். விகிதத்தை இறக்காமல் அப்படியே வைத்திருந்தால் அது வேறு விஷயம். அதற்குப் பெயர் வரி உயர்வு. மறுமதிப்பீடு என்ற பெயரில் அதைச் செய்தால் தட்டிக் கேட்க வேண்டும்.

பழைய மதிப்பையே வைத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும்? யாருக்கும் தொல்லை இல்லையே?

தொல்லை இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் வீடுகளை எட்டுப் பிரிவாகப் பிரித்து வரி போடுகிறார்கள். இன்றும் அதற்கு அடிப்படை 1991 ஏப்ரல் மாத மதிப்புகள். அதன் பிறகு கட்டிய வீட்டுக்கும் "1991-இல் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும்" என்று கணக்குப் போடுகிறார்கள். மிகக் கீழ்ப் பிரிவு அன்றைய விலையில் 40,000 பவுண்டு வரை. மிக மேல் பிரிவு 3,20,000 பவுண்டுக்கு மேல். மதிப்பில் எட்டு மடங்குக்கும் அதிகமான வித்தியாசம், வரியிலோ மூன்று மடங்குதான். இந்த இடைவெளிக்குப் பிரிவுகளை அமைத்த விதம் ஒரு காரணம். மதிப்புகள் உறைந்து கிடப்பதால், அதற்குப் பிறகு வேகமாக விலை ஏறிய பகுதிகளில் இருப்பவர்களுக்கு மேலும் லாபம்.

ஜெர்மனியில் 2024 வரை நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. மேற்குப் பகுதியில் 1964-ஆம் ஆண்டு மதிப்பு, கிழக்கில் 1935-ஆம் ஆண்டு மதிப்பு. ஒரே மாதிரியான சொத்துகளுக்குக் காரணமே இல்லாமல் வெவ்வேறு வரி வந்தது, இது சமத்துவத்துக்கு எதிரானது என்று 2018 ஏப்ரலில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. புதிய முறை 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய விதிப்படி, சொத்து கைமாறாதவரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. விளைவு, அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரி இரண்டு வீடுகளில் அண்மையில் வாங்கியவர், பல காலமாக இருப்பவரைவிடப் பல மடங்கு கட்ட நேரலாம். நீண்ட நாள் குடியிருப்பவருக்கு அது நிம்மதி தருகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நிம்மதிக்கான செலவைப் புதிதாக வருபவர் சுமக்கிறார்.

அப்படியானால் மறுமதிப்பீட்டை ஏன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்?

வரி கூடுகிறவர் கூட்டத்துக்கு வருவார், குறைகிறவர் வீட்டிலேயே இருப்பார். அயர்லாந்தில் 2013-இல் வந்த சொத்து வரிக்கு 2016-இல் மறுமதிப்பீடு செய்திருக்க வேண்டும். தள்ளித் தள்ளி 2021 நவம்பரில்தான் நடந்தது. தள்ளும் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த முறை வரப்போகும் அதிர்ச்சி பெரிதாகிறது, அதனால் அடுத்த முறையும் தள்ளத் தோன்றுகிறது. நெதர்லாந்தில் ஆண்டுதோறும் மதிப்பிடுகிறார்கள். மாற்றம் சிறிது சிறிதாக வருகிறது. அடிக்கடி மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று சட்டத்திலேயே எழுதும்படி உங்கள் பதிலில் கேளுங்கள்.

நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. பிரிட்டனில் பொதுவாகக் குடியிருப்பவரே கட்ட வேண்டும், வாடகைதாரர் உட்பட. அயர்லாந்தில் உரிமையாளர் கட்டுகிறார். உரிமையாளர் கட்டும் இடங்களிலும் வரியின் ஒரு பகுதி வாடகையில் ஏறி உங்களிடம் வந்து சேரலாம். எவ்வளவு ஏறும் என்பது அந்த ஊரில் வீடுகளுக்கு உள்ள தட்டுப்பாட்டைப் பொறுத்தது.

வாடகைதாரர்கள் பதில் எழுதாமல் விட்டால், வந்த பதில்களைத் தொகுக்கும்போது ஊரே சொந்த வீட்டுக்காரர்களால் ஆனது போலத் தெரியும். தயவுசெய்து எழுதுங்கள். வாடகைதாரர் என்று முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.

ஆளுக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரே தொகை வைத்தால் பிரச்சினை தீர்ந்ததே?

அதைச் செய்து பார்த்தார்கள். பிரிட்டனில் வீட்டு மதிப்பின் மீதான பழைய வரியை நீக்கிவிட்டு, வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தலைவரி கொண்டுவந்தார்கள். ஸ்காட்லாந்தில் 1989-இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-இல். மாளிகையில் இருப்பவருக்கும் அதே ஊரில் ஒண்டிக் குடித்தனம் இருப்பவருக்கும் ஒரே தொகை. மிகவும் ஏழைகளும் மாணவர்களும்கூட 20 சதவீதமாவது கட்ட வேண்டும். பெருந்திரளானோர் கட்ட மறுத்தார்கள். 1990 மார்ச் 31 அன்று லண்டனில் நடந்த பேரணி கலவரத்தில் முடிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பிரதமர் மார்கரெட் தாட்சர் பதவி விலகியதற்கு இந்த வரியும் ஒரு காரணம்.

மக்களின் கோபத்தைத் தணிக்க 1991-இல் தலைவரியில் 140 பவுண்டு குறைத்தார்கள். அந்தப் பணத்துக்காக மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 17.5 சதவீதமாக உயர்த்தினார்கள். 1993-இல் தலைவரி போய், முன்பு சொன்ன எட்டுப் பிரிவு முறை வந்தது. அப்போது எடுத்த 1991 மதிப்புகளைத்தான் இங்கிலாந்து இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறது.

வீடு பெரிது, ஓய்வூதியமோ சிறிது. பெரியவர்களை வீட்டை விற்கச் சொல்கிறீர்களா?

இல்லவே இல்லை. சொத்து வரியின் மிகப் பெரிய பலவீனம் இது. கையில் இருக்கும் காசை அது பார்ப்பதில்லை. இதற்கு நேரடியான தீர்வு ஒத்திவைப்பு. வரியை இப்போது கட்ட முடியாதவர், வீடு விற்கப்படும்போதோ வாரிசுகளுக்குப் போகும்போதோ வட்டியோடு சேர்த்துக் கட்டலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வசதி உண்டு. அயர்லாந்திலும் குறைந்த வருமானக்காரர்கள் ஒத்திவைக்கலாம்.

ஆனால் முதியவரைக் காரணம் காட்டி எல்லாருக்கும் வரியைக் குறைக்கச் சொல்வதை ஏற்க முடியாது. அதில் பெரும் பலன் வசதியானவர்களுக்கே போகும். முதியவருக்கு உதவ வேண்டுமானால் முதியவருக்கு உதவும் விதியை எழுதச் சொல்லுங்கள்.

பேசாமல் எல்லா ஊரிலும் வருமான வரியாகவே வாங்கிவிட்டால்?

கட்டும் திறனோடு நன்றாகப் பொருந்தும்; முந்தைய கேள்வியில் உள்ள சிக்கல் பெருமளவு தீரும். எதிர்ப்பக்கமும் உண்டு. தொழில் மந்தமானால் ஊரின் வருவாயும் சரியும். சம்பளக்காரர் முழுதும் கட்டுவார், வருமானத்தை மறைக்க முடிந்தவர் தப்புவார். வருமான வரி ஒழுங்காக வசூலாகும் நாடுகளில்தான் இது உள்ளாட்சிக்கும் கைகொடுக்கிறது.

ஏழை ஊரில் விகிதத்தை எவ்வளவு ஏற்றினாலும் பணம் வராதே?

சரியான கேள்வி. மதிப்பு குறைந்த வீடுகள் நிறைந்த ஊர், அதே விகிதத்தில் பணக்கார ஊர் வசூலிப்பதில் சிறு பங்கைத்தான் திரட்டும். தேவைகளோ அங்கேதான் அதிகம். இதை ஈடுகட்டுவது மேல்நிலை அரசு தரும் சமன்படுத்தும் மானியம், அதாவது ஏழை ஊருக்கும் பணக்கார ஊருக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் நிதி.

எனவே எந்த வரிச் சீர்திருத்தத்திலும் மானியத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள். உள்ளாட்சி சொந்த வருவாயைக் கூட்டினால் மானியம் அதற்கேற்பக் குறையுமா? குறையும் என்றால் மக்கள் கூடுதலாகக் கட்டியும் ஊருக்கு எதுவும் மிஞ்சாது.

சரி, என்ன எழுதினால் எடுபடும்? நான் ஒன்றும் பொருளாதார நிபுணர் இல்லையே.

நிபுணர்களின் கருத்து அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். இல்லாதது உங்கள் நிலைமை. எத்தனை பேர் இருக்கிறீர்கள், யாருக்கு வருமானம் உண்டு, இப்போது எவ்வளவு கட்டுகிறீர்கள், புதிய திட்டத்தில் எவ்வளவு வரும், அதனால் எதை விட வேண்டியிருக்கும் என்று தெளிவாக எழுதினால் அது ஓர் ஆதாரம். மாற்றுத்திறனாளிக்காகக் கட்டிய கூடுதல் அறைக்கும் வரி வருகிறதா? பாதி இடிந்த கூட்டுக்குடும்ப வீடு முழு வீடாகக் கணக்கில் வருகிறதா? மேசையில் உட்கார்ந்து திட்டம் எழுதியவருக்கு இவை தெரிந்திருக்காது. ஒரு விதியில் ஒரு வாக்கியம் சேர்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட பதிலால்தான்.

அதோடு, எதிர்க்கிறீர்கள் என்றால் அதற்குப் பதில் எது என்றும் சொல்லுங்கள். "வரி வேண்டாம், சாலை வேண்டும்" என்ற பதிலை ஓரமாக வைப்பது எளிது. "ஒரே ஆண்டில் வேண்டாம், நான்கு ஆண்டுகளில் பிரித்து ஏற்றுங்கள்" என்பதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். கேள்வித்தாளில் உங்கள் கருத்துக்கு இடமில்லை என்றால் தனிக் கடிதம் அனுப்புங்கள். பொதுவாக அதையும் ஏற்றுக்கொள்வார்கள். அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பலாமா?

அனுப்பலாம், எதிர்ப்பின் அளவு தெரியும். ஆனால் தொகுப்பவர்கள் அதைப் பெரும்பாலும் ஒரே இயக்கத்தின் கருத்தாகத் தனியாக வைப்பார்கள். பொதுக் கடிதத்தின் கீழே ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு நிலைமையைப் பற்றி நான்கு வரி சேர்த்தால் பலன் கூடும்.

என் பெயரை வெளியிடுவார்களா?

சில இடங்களில் பதில்களை அப்படியே வெளியிடுவதுண்டு. படிவத்தில் பெயரை மறைக்கும் தெரிவு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். அப்புறம், வங்கிக் கணக்கு எண், மருத்துவ விவரம் போன்றவற்றைப் பதிலில் எழுதவே வேண்டாம்.

"மொத்த வருவாயில் மாற்றம் இருக்காது" என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

மூன்று வீட்டுக் கணக்கை மறுபடி பாருங்கள். அங்கேயும் மொத்தம் 40-தான், ஆனாலும் ஒருவருக்குக் கூடியது, ஒருவருக்குக் குறைந்தது. ஆகவே அந்த வாக்கியம் உண்மையாக இருந்துகொண்டே உங்கள் வரி ஏறலாம். கேட்க வேண்டியது ஓர் அட்டவணை: வருமான அடுக்குவாரியாக, பகுதிவாரியாக, எத்தனை வீடுகளுக்கு எவ்வளவு கூடும், எத்தனைக்குக் குறையும். இந்த அட்டவணை இல்லாத ஆவணம் முழுமையானது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று: மாற்றமில்லை என்பது எத்தனை ஆண்டுக்கு? முதல் ஆண்டுக்கு மட்டும் வாக்குறுதி தந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் விகிதத்தை ஏற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்டது ஒன்று, கடைசியில் அறிவித்தது வேறொன்று. அப்போது என்ன செய்வது?

சிறு திருத்தம் என்றால் அது கருத்துக் கேட்பு வேலை செய்ததற்கு அடையாளம். அடிப்படையே மாறிவிட்டது என்றால், உதாரணமாக வீட்டு மதிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு நிலத்துக்கு மட்டும் வரி என்று முடிவெடுத்தால், மறுபடி கேளுங்கள் என்று கோர நியாயம் உண்டு. முன்பு சொன்ன நான்கு அளவுகோல்கள் இங்கேயும் உதவும். வந்த கருத்துகளின் தொகுப்பையும் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் தந்த பதிலையும் வெளியிடச் சொல்லி எழுதுங்கள். தகவல் அறியும் சட்டம் உள்ள நாடுகளில் அதன்படி மனுப் போடலாம்.

எல்லாம் முடிந்து ரசீது வந்துவிட்டது. என் வீட்டின் அளவையே தப்பாகப் போட்டிருக்கிறார்கள்!

இது கருத்துக் கேட்பில் வராது, ஆட்சேபனையிலும் மேல்முறையீட்டிலும் வரும். கொள்கை சரியா என்பது அங்கே. உங்கள் வீட்டுக்கு அது சரியாகப் பொருத்தப்பட்டதா என்பது இங்கே. தென்னாப்பிரிக்காவில் மதிப்பீட்டுப் பட்டியலைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபனைகளை வாங்க வேண்டும். இதுபோன்ற காலக்கெடு ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு, தவறவிட்டால் அடுத்த மதிப்பீடு வரை காத்திருக்க நேரிடும்.

அளவு தெரியும் வரைபடம், புகைப்படம், அதே தெருவில் அதே மாதிரி உள்ள வீட்டின் மதிப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஆட்சேபனை கொடுங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதும் வரியைக் கட்டச் சொல்லும் சட்டங்கள் பல உள்ளன. அப்படியென்றால் ஆட்சேபனையுடன் கட்டுகிறேன் என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் கூடுதல் தொகையைத் திரும்பக் கேட்கவோ அடுத்த தவணையில் கழிக்கச் சொல்லவோ அந்த ரசீது வேண்டும்.